என் சலவைக்கல் நாய்கள்

உலகத்தில் மக்கள் ஆசையோடு சேர்த்து வைக்கும் பொருள்கள் பல. தபால் தலைகளைச் சேர்ப்பார் சிலர். பழைய நாணயங்களைச் சேர்ப்பார் சிலர். கைத்தடிகளையும் கடிகாரங்களையும் சேர்ப்பாரும் உளர். அவர்களைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. யான் சலவைக்கல்லிற் செதுக்கிய நாய்களைச் சேர்த்து வருகின்றேன் என்று சொன்னாலோ, கேட்பவர் முதலில் என் முகத்தை உற்று நோக்குவர், பின்னர், "கடிக்குமோ?" என்று வினவுவர். இவ்வினாவைக் கேட்டுக் கேட்டு என் செவி பழகிவிட்டது. இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதுக என்று நண்பர் பணித்தபோது, பலரும் நகைக்கும் இவ்விஷயத்தையே எழுதிவிடலாம் எனத் துணிந்தேன். இதில் யான் கற்ற பாடமும் உண்டு. செய்த பிழையும் உண்டு.

எனது ஊர் சுசீந்திரம். பழையாற்றங்கரையில், தாணுமாலயன் கோயிற் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவன் யான். கல்லிற் செய்த அற்புதங்களுக்கு எங்கள் ஊரிற் குறைவில்லை. தட்டினால் இன்னிசை எழுப்பும் தூண்கள் அங்கே உள்ளன. நெடிய அனுமார் உருவம் உள்ளது. ஆயினும் இவையெல்லாம் கருங்கல். நாஞ்சில் நாட்டு மலைகள் நமக்குத் தந்த கல் அதுவே. வெண்ணிறச் சலவைக்கல்லை நாடுவோர் இராஜஸ்தானத்து மக்ரானாவுக்கோ, இத்தாலி தேசத்துக் கராராவுக்கோ போதல் வேண்டும். ஆகவே இளமையில் வெள்ளைக் கற்சிலையைக் கண்ணாற் காண்பதே எனக்கு ஒரு புதுமையாயிருந்தது.

யான் கல்லூரியிற் பயின்ற நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. குலப்பெருமை கூறத்தக்கதன்று, தேரோடும் வீதியிற் பிறந்த சாதாரணத் தெருநாய். கறுப்பன் என்று பெயர். காலையிற் பேருந்து நிற்கும் இடம் வரையில் என்னோடு வரும். மாலையில் யான் வந்து இறங்கும்போது, முன்னங்கால்களின்மேல் முகத்தை வைத்து அவ்விடத்திலேயே படுத்திருக்கும். படிப்பு முடிந்து உத்தியோகத்தின் பொருட்டு யான் சென்னைக்குச் சென்ற பின்னரும், சில மாதங்கள் வரையில் மாலைதோறும் அது அங்கே போய்ப் படுத்திருந்து மீளுமாம். பின்னர் ஒருநாள் இறந்துவிட்டது. அன்னையார் எழுதிய கடிதத்தின் இறுதியில் அச்செய்தி ஒரு வரியாக இருந்தது.

அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, நாகர்கோயிலில் ஒரு பழம்பொருட் கடையினுள் நுழைந்தேன். இடித்த வீடுகளின் நிலைகளும், கண்ணாடி விளக்குகளும், ஓடாத கடிகாரங்களும் குவிந்து கிடந்தன. அவற்றினிடையே ஒரு சாண் நீளமுள்ள வெண்ணிற நாய் ஒன்று, முன்னங்கால்களின்மேல் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. ஒரு காதின் நுனி உடைந்திருந்தது. விலை 150 ரூபாய் என்றார் கடைக்காரர். பேரம் பேசாமற் கொடுத்துவிட்டேன். வீட்டிற்கு வந்ததும் அன்னையார் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "வெள்ளையா இருந்தாலும் இது கறுப்பன்தான்" என்றார். அன்று முதல் அதற்கு அதுவே பெயராயிற்று.

அதன் பின்னர் ஒன்று இரண்டாகி, இரண்டு பலவாகி, இன்று என்னிடம் 11 நாய்கள் உள்ளன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலேயாவிலும் உத்தியோகம் பார்த்து மீண்டவர்களின் பழைய வீடுகளிலிருந்து வந்தவை சில. ஏலத்திற் கிடைத்தவை சில. மேசைமேற் காகிதம் பறவாமல் வைக்கும் பாரக்கல்லாக ஒன்று. புத்தக வரிசை சாயாமல் இருபுறமும் நிறுத்தும் வேட்டைநாய் இணை ஒன்று. குட்டியை நக்கிக் கொடுக்கும் தாய் ஒன்று. இவை ஒன்றும் பெருவிலை பெறுவன அல்ல.

சேர்க்கத் தொடங்கிய சில ஆண்டுகள் யான் கண்ணை நம்பி ஏமாந்தேன். வெள்ளையாக இருப்பன எல்லாம் சலவைக்கல் என்பது என் எண்ணம். அவ்வறியாமையைப் போக்கியவர் மயிலாடியைச் சேர்ந்த முதிய சிற்பி ஒருவர். எங்கள் ஊருக்கு அணித்தேயுள்ள மயிலாடி, கல்வேலைக்குப் பேர்போனது. அவ்வூர்க் கற்சிற்பங்கள் 2023ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் பெற்றன. என் நாய்களையெல்லாம் ஒரு கூடையில் வைத்து அவரிடம் கொண்டுபோனேன். "தம்பி, கல்லைக் கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள், கையாலும் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூறியவை வருமாறு:

சலவைக்கல் தொட்டால் குளிர்ந்திருக்கும். அளவுக்குத் தக்க கனம் இருக்கும். உடைந்த இடத்தைச் சூரிய வெளிச்சத்திற் பார்த்தால் கற்கண்டுத் தூள் போல் மணிமணியாக மின்னும். நகத்தாற் கீறினால் தடம் விழாது. எஃகு ஊசியாற் கீறினால் விழும். நகம்பட்ட அளவிலே கோடு விழுமாயின் அது மாக்கல்லாகவோ வேறு மென்கல்லாகவோ இருக்கும். கையில் எடுத்த சிறிது நேரத்தில் வெதுவெதுப்பாகி, கனமும் குறைந்து, பக்கவாட்டில் மெல்லிய வரம்பு ஒன்று தலை முதல் வால் வரை ஓடுமாயின், அது கல்லே அன்று; கற்றூளைப் பிசினிற் குழைத்து அச்சில் வார்த்த பொம்மை. அடிப்புறத்திற் புளித்த காடியை ஒரு துளி விட்டால் சலவைக்கல் நுரைக்கும். ஆனால் கற்றூள் கலந்த பொம்மையும் நுரைக்கக் கூடுமாகையால், ஒரு சோதனையை மட்டும் நம்புதல் ஆகாது. இவ்வாறு சோதித்ததில், அன்று என்னிடமிருந்தவற்றுள் இரண்டு மாக்கல் என்றும், ஒன்று பிசின் பொம்மை என்றும் தெரிந்தது. அம்மூன்றையும் யான் விலக்கவில்லை. ஏமாந்த கதையும் சேர்க்கத்தக்கதே அன்றோ?

காடித் துளியைப் பற்றிக் கூறினேன். அப்பாடத்தை வேறொரு வகையில் முன்னரே யான் கற்றிருந்தேன். ஒருமுறை கார்த்திகைத் திருநாளை முன்னிட்டு ஊருக்கு வந்தபோது, அன்னையார் குத்துவிளக்குகளையெல்லாம் புளியிட்டுத் துலக்கி வரிசையாக வைத்திருந்தார். "மக்களே, உன் கறுப்பனையும் தேய்த்து வைத்திருக்கிறேன், பார்" என்றார். பார்த்தேன். பித்தளை பொன்போல் மின்னியது. கறுப்பனின் முதுகோ வழவழப்பு முற்றும் போய், சொரசொரத்துச் சுண்ணாம்புச் சுவர் போல் மங்கியிருந்தது. யான் அப்போது சொன்ன சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை. அன்னையார் ஒன்றும் மறுமொழி கூறாமல் உள்ளே போய்விட்டார்.

புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் சலவைக்கல்லைக் கரைத்துவிடும் என்பதை அதன் பின்னரே அறிந்தேன். சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் ஓரினம். எங்கள் கோயிலில் மாக்காளை என்று வழங்கும் பெரிய வெண்ணிற நந்தி இருக்கின்றது. அது கல்லன்று, சுண்ணாம்புச் சாந்தாற் சமைத்தது. சாந்து காற்றுப்பட்டு இறுகி முடிவில் அடையும் பொருளும், சலவைக்கல்லின் பொருளும் இரசாயன நூலின்படி ஒன்றே. நாள்தோறும் அந்நந்தியைப் பார்த்து வளர்ந்தும் யான் இதை அறியாதிருந்தேன். அறியாத அன்னையாரைக் கடிந்துகொண்டேன். சலவைக்கற் பொருள் வைத்திருப்போர், மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தல் ஒன்றே போதும் என்பதை அறிந்துகொள்க.

பின்னர் இவை பற்றிய நூல்களை வாசிக்கத் தொடங்கினேன்; எனக்கு முன்னும் இப்பித்துக் கொண்டோர் இருந்தனர் என்று அறிந்து ஆறுதலடைந்தேன். அவர்களுள் தலையாயவர் ஹென்றி கான்ஸ்டண்டைன் ஜென்னிங்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1753க்கும் 1756க்கும் இடையே உரோமாபுரியில் தங்கியிருந்தபோது, பழஞ்சிலைகளைச் செப்பனிடும் பார்த்தலோமியோ கவச்சேப்பி என்பவருடைய பட்டறையில், மூன்று அடிக்கு மேல் உயரமுள்ள சலவைக்கல் நாய் ஒன்றைக் கண்டு, 400 ஸ்கூதி நாணயம் கொடுத்து வாங்கினார். பழங்காலத்துக் கிரேக்க வெண்கலச் சிலையொன்றைப் பார்த்து, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமர் செதுக்கியது அது. அதனால் அவருக்கு "நாய் ஜென்னிங்ஸ்" என்றே பட்டப்பெயர் வழங்கலாயிற்று. பின்னர்ச் சூதாட்டக் கடன் மிகுந்து, 1778இல் அந்நாயை 1,000 கினிக்கு விற்க நேர்ந்தது. யார்க்ஷயரில் ஒரு மாளிகையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த அச்சிலை கடல் கடந்து அமெரிக்கா செல்லவிருந்த தருணத்தில், பொருள் திரட்டி 2001இற் பிரிட்டிஷ் மியூசியத்தார் வாங்கிக்கொண்டனர். விலை 6,62,297 பவுன்.

அந்நாயின் வால் உடைந்திருந்தது. ஏதென்ஸ் நகரத்து அல்சிபியாடிஸ் என்பவர் தம் அழகிய நாயின் வாலை வெட்டிவிட்டார் எனப் புளூட்டார்க் எழுதியிருக்கின்றமையால், "அல்சிபியாடிஸின் நாய்" என்றும் இதற்குப் பெயரிட்டார்கள். ஆனால் இது அந்நாய் என்பதற்குச் சான்று இல்லை. இதற்கு ஒவ்வொரு காலத்திலும் கொடுத்த விலை தெரிகின்றது. எந்த நாயைப் பார்த்து முதற் சிற்பி இவ்வுருவைச் செய்தான் என்பது எவருக்கும் தெரியாது.

இதற்கு நேர்மாறான கல் ஒன்று நம் தமிழ்நாட்டில் இருக்கின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல் அது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனுடைய 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தன் எருமைகளைக் காக்கப் பொருது மடிந்தான் கருந்தேவக்கத்தி என்னும் வீரன். அவனுக்கு எடுத்த கல்லில் அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கின்றது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் அக்கல்லிலேயே பொறித்திருக்கின்றார்கள். உரோமச் சிற்பியின் நுண்மை அதிற் காணப்படாது. அதனைச் செய்தவர் சிற்றூர் மக்கள். ஆயினும் ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்நாயைப் பெயர் சொல்லி அழைக்க நம்மால் முடிகின்றது.

இனி, யான் செய்த பிழையைக் கூறுகின்றேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, முன்பின் அறியாத வியாபாரி ஒருவர் சாக்குப்பையுடன் வீட்டிற்கு வந்தார். உள்ளே ஒரு முழ உயரமுள்ள கருங்கல் நாய் இருந்தது. கால்கள் பீடத்தோடு சேருமிடத்தில் உடைந்திருந்தன. உடைவு புதியது. நெற்றியிலும் முதுகிலும் எண்ணெய்ப் பிசுக்குக் கறுத்துப் படிந்திருந்தது. வயிரவர் சந்நிதியின் முன் வாகனமாக நின்றதாதல் வேண்டும். எவ்வூரிலிருந்து வந்தது என்று கேட்டேன். "ஊரைக் கேட்டால் விலை ஏறும், ஐயா" என்றார். விலையோ மிகவும் குறைவு. வேலை மிக அழகியது. இதுபோன்றது என்னிடம் ஒன்றும் இல்லை. "இன்றிரவு இங்கே இருக்கட்டும், காலையில் வாருங்கள்" என்று சொல்லி, அதனை வெள்ளை நாய்களின் நடுவே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்னையார் வந்து பார்த்தார். விரலால் அதன் நெற்றியைத் தொட்டு, எண்ணெய்ப் பிசுக்கை முகர்ந்தார். "மக்களே, இதற்கு விளக்கு வைத்தவர்கள் இன்றைக்கு இதைத் தேடமாட்டார்களா?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்கு நல்ல உறக்கம் இல்லை.

விடிந்ததும் அதனை வியாபாரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் வேறு வீட்டைத் தேடிச் சென்றார். யான் ஏதோ பேரறம் செய்தவனைப் போல் சில நாட்கள் மகிழ்ந்திருந்தேன். பின்னரே சிந்தித்தேன். நூறாண்டுக்கு மேற்பட்ட கற்சிலை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வைத்திருப்பவர் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். விற்பவர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். சிலைத் திருட்டைத் தடுக்கவே தமிழ்நாட்டுக் காவல் துறையில் 1983 முதல் தனிப்பிரிவு இருக்கின்றது. இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், வம்பு வேண்டாமென்று எவரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். என் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நினைத்தேனேயன்றி, அந்த நாயைத் தன் ஊருக்குச் சேர்க்க நினைத்தேன் இல்லை. அது இன்று எவ்விடத்தில் இருக்கின்றதோ! வாங்காமல் விட்டது சரி. சொல்லாமல் விட்டது பெரும்பிழை.

அந்நாள் முதல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றேன். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம். எங்கே, எவரிடம், எவ்வாண்டு, என்ன விலைக்கு வாங்கினேன், முன்னர் எவ்வீட்டில் இருந்தது, என்ன பழுது என்பவற்றை எழுதுகின்றேன். முதலில் வாங்கியவற்றுட் பலவற்றின் பக்கங்கள் பாதி வெறுமையாகவே கிடக்கின்றன. அக்காலத்தில் யான் கேட்கவில்லை. சொல்லத் தெரிந்தவர்களும் இப்போது இலர். ஊர் சொல்லாத பொருளை இனி யான் வாங்குவதில்லை. மாணவ நண்பர்களே, நீங்கள் நாணயம் சேர்த்தாலும், ஓலைச்சுவடி சேர்த்தாலும், வெறுங் கூழாங்கல்லே சேர்த்தாலும், அது எங்கிருந்து வந்தது என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். எழுதக் கூசும் இடத்திலிருந்து வந்ததாயின் அதை வாங்காதீர்கள். வாங்காததோடு நின்றுவிடவும் வேண்டாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அன்னையார் காலமானார். அண்மையில் மயிலாடிச் சிற்பியார் வீட்டிற்கு வந்திருந்தபோது, கறுப்பனின் மங்கிய முதுகைத் தடவிப் பார்த்து, "இதை இரண்டு நாளில் பழையபடி மெருகேற்றித் தருகின்றேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குறிப்பேட்டில் அதன் பக்கத்தில், "முதுகு மங்கியது, கார்த்திகைக்கு அம்மை புளியிட்டுத் துலக்கியது" என்று எழுதியிருக்கின்றேன். அது அப்படியே இருக்கட்டும்.