காலை வெட்டுவதற்கு அட்டை செல்லும்

எங்கள் வீட்டில் காப்பீட்டு அட்டை அம்பேத்கர் படத்துக்குப் பின்னால் இருக்கும். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், அடகுக்கடை ரசீது எல்லாவற்றுக்கும் அந்த இடம்தான். 2012இல் அந்த அட்டையை வாங்க அப்பா இரண்டு நாள் கூலியை விட்டார். ஒரு நாள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றுக்கு, இன்னொரு நாள் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் போட்டோ எடுக்க. வந்ததும் பாலித்தீன் கவரில் போட்டுப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, “இனிமே டாக்டருக்குத் துட்டு வேண்டாம்ல” என்றார்.

அவர் நம்பியது தப்பு என்று தெரிய எங்களுக்கு ஏழு வருடம் ஆனது. அதற்குள் அவருடைய வலது கால் போய்விட்டது.

அட்டையின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சி அதை மாற்றி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்றது. 2018இல் பிரதமர் திட்டமும் இதோடு சேர்ந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் ரூபாய் வரை. வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்ததை 1,20,000 ஆக்கியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு குழந்தையின் இதய ஓட்டையை அடைத்தது இந்த அட்டைதான். அதனால் இதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அந்த அட்டைக்கு உயிர் வரும். காய்ச்சலுக்கு, சுகர் மாத்திரைக்கு, ஆறாத ஒரு புண்ணைக் காட்ட டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் அது வெறும் பிளாஸ்டிக். ஓ.பி.க்கு அட்டை கிடையாது. இந்த ஒரு வரியை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு சுகர் இருப்பது 2014இல் ஒரு முகாமில் தெரிந்தது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லுக்கும் வாழைக்கும் கூலி வேலை. காலில் செருப்பு இல்லாமல் சேற்றிலேயே நிற்கிற உடம்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்தானே என்று கேட்பீர்கள். இலவசம்தான். ஆனால் காலையில் போய் வரிசையில் நின்றால் திரும்ப மதியம் ஆகிவிடும். அன்றைக்குக் கூலி இல்லை. மாத்திரை தீர்ந்ததும் திரும்ப ஒரு நாள். ஒரு தடவை பார்த்த டாக்டர் அடுத்த தடவை இருக்கமாட்டார், புது டாக்டரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அப்பா நான்கு மாதம் போவார், இரண்டு மாதம் போகமாட்டார். கேட்டால், “பெருசா ஏதாவது வந்தா அட்டை இருக்குல்லா” என்பார். அட்டை கொடுத்த தைரியத்தில்தான் அவர் மாத்திரையை விட்டார் என்று இப்போது தோன்றுகிறது. சரியா தவறா தெரியவில்லை.

2019இல் வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண். வலி இல்லை என்றார். சுகர் முற்றினால் காலில் உணர்வு மரத்துப்போகும், அதனால்தான் வலிக்கவில்லை என்று அப்போது எனக்கும் தெரியாது. நான் கல்லூரி இறுதியாண்டு. அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு பக்கத்து டவுனில் ஒவ்வொரு கிளினிக்காகப் போனேன். என் கேள்வி ஒன்றுதான். “காப்பீட்டு அட்டை எடுப்பீங்களா?”

முதல் இடத்தில் சிரித்தார்கள். இரண்டாவது இடத்தில், “அட்மிஷன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க தம்பி, இங்க கன்சல்டிங் மட்டும்தான்” என்று மரியாதையாகவே சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் சீட்டு எழுதுகிறவர் ஊர் எது என்றார். சொன்னேன். “ஊர்ல எங்க?” என்றார். அந்தக் கேள்வி எதற்கு என்று தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெருப் பெயரைச் சொன்னதும் பேனா ஒரு நொடி நின்றது. உள்ளே டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். காலைத் தொடவில்லை. “நடக்காம இரு, புண்ணைக் காயவிடு” என்றார். அப்பாவுக்கு அப்போது வயது 56. டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். 200 ரூபாய் வாங்கினார்கள். மறுநாள் அப்பா வயலுக்குப் போனார். நாற்று நடுகிற காலத்தில் நடக்காமல் இருக்க அவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

ஏழு வாரம் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கு அட்டை சென்றது. காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்துவிட்டு எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். ஒரு ஆஸ்பத்திரியில் எங்களை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆபரேஷன், மருந்து, படுக்கை எதற்கும் நாங்கள் ஒரு பைசா கட்டவில்லை. அப்பா கூட, “பாத்தியா, சொன்னேம்லா” என்றார்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நமக்குக் குடும்ப டாக்டர் என்ற யோசனையே இந்த நாட்டில் யாருக்கும் வரவில்லையா? வந்திருக்கிறது. அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் தொழிலாளர் சுகாதாரக் காப்பீட்டுக்குத் திட்டம் தீட்ட அதார்க்கர் நியமிக்கப்பட்டார். 1944இல் அறிக்கை வந்தது, 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் ஆனது. இ.எஸ்.ஐ.யில் காய்ச்சலுக்கும் டாக்டரைப் பார்க்கலாம், குடும்பமும் பார்க்கலாம், பக்கத்திலேயே மருந்தகம் உண்டு. அதே 1948 ஜூலையில் இங்கிலாந்தில் எல்லோருக்கும் ஒரு டாக்டரிடம் பெயர் பதிந்தார்கள். அங்கே ஆபரேஷனுக்கு முந்தைய வாசலும் டாக்டர்தான். (அம்பேத்கருக்கும் சுகர்தான். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரையே அந்த வருடம் கல்யாணம் செய்துகொண்டார். எல்லோருக்கும் அது வாய்க்காது.)

ஆனால் இ.எஸ்.ஐ. பத்துப் பேருக்குக் குறையாத தொழிற்கூடத்துக்கு. வயலில் நிற்கிறவருக்கு இல்லை. வயலில் நிற்கிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

எங்களுக்கு இன்னொரு வாசலும் இருந்தது. அம்மா பீடி சுற்றுகிறாள். பீடித் தொழிலாளர் நல நிதிக்கு 1976இலேயே சட்டம் உண்டு. எங்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு மருத்துவமனையே இருக்கிறது. தொழிலாளி அடையாள அட்டை இருந்தால் குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கலாம். அம்மாவிடம் அந்த அட்டை இல்லை. இருபது வருடமாக மதினி பேரில் உள்ள பாஸ்புக்கில்தான் சுற்றுகிறாள். கம்பெனிக் கணக்கில் அவள் இல்லை. இந்த வழக்கம் நம் தெருக்களில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று போய்க் கேட்டுப் பாருங்கள், கணக்கெடுத்து எழுதுங்கள். பீடிக்கு என்று தனியாக இருந்த அந்த வரியையும் 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுத்துவிட்டார்கள்.

நான் மாணவனாக இருந்தபோது காப்பீட்டு அட்டை கேட்டு நாங்கள் எத்தனையோ மனு எழுதினோம். கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனுநாளுக்கு வேனில் ஆள் கூட்டிப் போனோம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாயங்காலம், வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று ஒரு மனுகூட எழுதியதில்லை. நானும்தான். துணை சுகாதார நிலையத்து செவிலியர் வாரத்தில் எத்தனை நாள் நம் தெருவுக்குள் வருகிறார் என்று கிராம சபையில் எழுந்து கேட்டதில்லை. அட்டையைக் கையில் காட்டலாம். டாக்டரைக் காட்ட முடியாது. அதனால் எங்களுக்கு அது கோரிக்கையாகவே தெரியவில்லை.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மறு வருடம் எங்கள் ஊருக்கு ஒரு அக்கா பி.பி. மிஷினும் சுகர் மாத்திரையுமாக வந்தார். ஊர்த்தெருக்காரர். முதல் மாதம் தெரு முனையில் தண்ணித்தொட்டி பக்கம் நின்றுகொண்டு எல்லோரையும் அங்கே வரச் சொன்னார். அம்மா போய், “அவரால நடக்க முடியாதும்மா, நீதான் வரணும்” என்றாள். அடுத்த மாதம் வந்தார். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. அதற்கு அடுத்த மாதம் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தது எப்போது என்று அம்மாவுக்கு நாள் கணக்கே தெரியும். நான் அதைப் பெரிதாக்கவில்லை.

போன தை மாதம் நான் வீட்டில் இருந்தேன். பி.பி. பார்த்துவிட்டு அவர், “இடது கால நீட்டுங்கய்யா” என்றார். அப்பா பழக்கத்தில் காலை இழுத்துக்கொண்டார். “இழுக்காதீங்க, விரல் இடுக்கப் பாக்கணும்” என்று குனிந்து பாதத்தைப் பிடித்துத் திருப்பினார். பெருவிரல் ஓரத்தில் சின்னதாக ஒரு வெடிப்பு, உள்ளே சிவந்து இருந்தது. அப்பாவுக்கு அது இருப்பதே தெரியாது. மறுநாள் நான் லீவு போட்டுவிட்டு அவரை ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன்.