என்னிடம் சொல்லிப் போட்ட ஊசி

2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் முதலமைச்சர், கல்யாணமானவர்கள் தள்ளிப்போடாமல் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று பேசினார். தொகுதி மறுவரையறையில் நம் எம்.பி.க்கள் குறைந்துவிடுவார்களே என்கிற கவலை அவருக்கு. அன்றிரவே எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் நாகர்கோவில் வடசேரிச் சித்தப்பாவின் குரல் வந்தது. “பெத்துக்கோன்னு சொன்னா ஆச்சா? இப்பம் உள்ள பிள்ளைகளுக்கு எங்க தானா நிக்கு? எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச ஊசி. அதைப் போட்டுப் போட்டு உடம்பைக் கெடுத்தாச்சு.” கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அந்த ஊசியை ஃப்ரிட்ஜில் தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒருத்தி மான்செஸ்டரில் இருந்து இதைக் கேட்பாள் என்று அவருக்குத் தெரியாது. பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுவிட்டது.

முதலில் அந்த ‘வெள்ளைக்காரன்’ கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று பிறந்த ஓல்டாம், எனக்கு டிராமில் போய்வரும் தூரம். அதைச் செய்துகாட்டிய ஸ்டெப்டோ, எட்வர்ட்ஸ், ஆய்வகத்தைச் சுமந்த ஜீன் பர்டி மூவரும் பல காலம் ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். கரு தங்கவில்லை. கடைசியில் அதை ஒதுக்கிவிட்டு, மாதத்தில் தானாக விளைகிற ஒற்றை முட்டையை எடுத்துத்தான் வெற்றி கண்டார்கள். லூயிஸ் பிரவுன் ஊசி போடாமல் வந்த குழந்தை. 70 நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் துர்கா பிறந்தாள். டாக்டர் சுபாஷ் முகர்ஜி ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்த்தார். கருவை உறையவைத்து, பிறகு கருப்பையில் வைத்தார். இன்று மான்செஸ்டரிலும் நாகர்கோவிலிலும் செய்வது ஓல்டாம் முறையைவிடக் கல்கத்தா முறைக்குத்தான் நெருக்கம். அவரை என்ன செய்தோம்? மேற்கு வங்க அரசு ஒரு குழுவைப் போட்டு, நம்ப முடியாது என்றது. ஜப்பானில் போய்ப் பேச அனுமதிக்கவில்லை. கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றல் கொடுத்தது. 1981 ஜூன் 19 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை 1986இல் மும்பையில் உருவாக்கியதாகப் பெயர் பெற்ற டி.சி. ஆனந்தகுமாரே, 1997இல் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதலில் செய்தவன் நான் அல்ல, அவர்தான் என்று சொன்னார். ஆக, சித்தப்பா, ஊசியோடு செய்து காட்டியது நம்ம ஆள்.

இன்னொன்றும் உண்டு. கோட்டாறு மறைமாவட்டத்து நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இந்த ஊசி மருந்தின் தொடக்க காலச் சரக்கு, இத்தாலியில் மாதவிலக்கு நின்ற வயதான கன்னியாஸ்திரிகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தது. அப்படி எடுத்த மருந்தால் 1962இல் இஸ்ரேலில் முதல் குழந்தை பிறந்தது. சோதனைக்குழாய் முறையைத் திருச்சபை ஏற்கவில்லை. மருந்து மட்டும் மடத்திலிருந்து வந்தது.

சரி, நான் மெச்ச வந்தது மருந்தை இல்லை. எனக்குத் தந்த அதே கம்பெனியின் அதே பேனா ஊசி நாகர்கோவிலிலும் கிடைக்கிறது. இங்கிலாந்தில் நான் மெச்சுவது ஒன்றே ஒன்றுதான்: என் உடம்புக்குள் போவது என்ன என்பதை என்னிடம் சொன்னார்கள். என் கணவரிடம் இல்லை, என்னிடம். ஊசி போடக் கற்றுத்தரும் நாளில் இரண்டு பேரும்தான் போயிருந்தோம். அவர் கேட்ட கேள்விக்கும் நர்ஸ் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். மேசையில் பஞ்சுமெத்தைத் துண்டு ஒன்று. அதில் குத்திப் பழகச் சொன்னார். பேனாவின் அடியைத் திருகினால் சின்னக் கண்ணாடியில் எண் வரும்: 150, 225, 300. தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளித் தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு செருகி, பொத்தானை அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுக்கவேண்டும். இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். எல்லாவற்றையும் சுத்தமான ஆஸ்பத்திரி இங்கிலீஷில் சொல்லிமுடித்துவிட்டு, என் பதிவில் பிறந்த ஊரைப் பார்த்தார் போலிருக்கிறது, “பயப்படாத மக்ளே, எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்றார். எங்கள் மாவட்டத்துக் குலசேகரத்துக்காரர். இந்த நாட்டின் ஆஸ்பத்திரிகளில் பாதி ராத்திரியில் விழித்திருப்பவர்களில் நம் மாவட்டத்தார் எத்தனை பேர் என்று யாராவது எண்ணிப் பார்க்கவேண்டும்.

அவர் கையில் தந்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன். இந்த மருந்து எஃப்.எஸ்.எச்., முட்டைப்பைகளை வளர்க்க. பத்துப் பன்னிரண்டு நாள் போகும். அடுத்த மருந்து, முட்டை முந்திக்கொண்டு வெடிக்காமலிருக்க. ஸ்கேனில் பைகள் 17, 18 மில்லிமீட்டர் தொட்டதும் கடைசி ஊசி. அதை ராத்திரி சொன்ன நிமிடத்தில் போடவேண்டும், ஏனென்றால் 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்தாகவேண்டும். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் வயிறு உப்பும், நீர் கோர்க்கும், மூச்சு முட்டும். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இப்படி ஆனால் இந்த எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடு. ஒவ்வொரு ஸ்கேனிலும் ‘வலது ஐந்து, இடது நான்கு’ என்று எண்ணிச் சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன். எந்தக் கிளினிக்கில் நூற்றுக்கு எத்தனை பேருக்குப் பலித்தது என்பதைக்கூட இங்கே ஒரு சட்டபூர்வ ஆணையம் ஊரறியப் போடுகிறது. 1990இன் சட்டத்தில் பிறந்த ஆணையம் அது.

ஊரில் என் பெரியம்மை மகள் போன கதை வேறு. டாக்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தது மாமியார். மாதவிலக்குத் தேதியை முதற்கொண்டு அவர்தான் சொன்னார். ஃபைல் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், வீட்டுக்குத் தரமாட்டார்கள். தினமும் போய்ப் படுத்து ஊசி போட்டுக்கொண்டு வரவேண்டும். என்ன ஊசி என்று கேட்டதற்கு “முட்டை ஊசி” என்று பதில். வயிறு உப்பி அவதிப்பட்டபோது வாயுத் தொல்லை என்று ஓமத்திரவம் குடித்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் கிடந்தாள். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம், அது ஒன்று மட்டும் இல்லை என்பதால்.

சொல்லாமல் ஊசி போடுகிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2022இல் ஈரோட்டில் பார்த்தோம். 16 வயதுச் சிறுமி. பெற்ற தாயும் கூட இருந்தவனும் தரகரும் சேர்ந்து, பொய் ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, அவளுடைய முட்டைகளைத் தனியார் ஆஸ்பத்திரிகளில் திரும்பத் திரும்ப விற்றார்கள். முட்டை தருகிறவள் குறைந்தது 23 வயதானவளாக இருக்கவேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் விஷயம் வெளிவருமுன்பே சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவளுக்கும் பத்து நாள் ஊசி போட்டிருப்பார்கள்தானே? போட்டவர்களில் ஒருத்தராவது அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இது எதற்கு என்று தெரியுமா பிள்ளே என்று கேட்டிருந்தால் அந்தக் கதை முதல் வாரத்தில் முடிந்திருக்கும்.

இவ்வளவு மெச்சினால் இங்கே எல்லாம் தேன் என்று நினைத்துவிடக் கூடாது. 40 வயதுக்குள் உள்ள பெண்ணுக்கு மூன்று சுற்று இலவசம் தரலாம் என்று 2013இலேயே பரிந்துரை எழுதிவைத்துவிட்டு, இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் ஒன்றோடு கதவைச் சாத்துகிறார்கள். ஸ்காட்லாந்தில் மூன்று. கணவனுக்கு முந்தைய கல்யாணத்தில் பிள்ளை இருந்தால் பல ஊர்களில் அந்த ஒன்றும் கிடையாது. எந்த அஞ்சல் எண்ணில் வாடகைக்கு இருக்கிறாய் என்பது உன் கருப்பையின் தலைவிதி. காத்திருந்து அலுத்தவர்கள் விமானம் ஏறிச் சென்னைக்கோ கொச்சிக்கோ போய்ச் செய்துகொண்டு வருகிறார்கள். அங்கே காசைக் கட்டினால் அடுத்த மாதவிலக்கில் தொடங்கலாம்.

அப்புறம் அந்தக் குளியலறை. ராத்திரி ஒன்பது மணி, வெளியே மழை, கணவருக்கு ஷிஃப்ட், குழல்விளக்கின் கீழே நானும் பேனாவும். தன் கையால் தன் வயிற்றில் குத்திக்கொள்வதைச் சுதந்திரம் என்று இவ்வளவு நேரம் எழுதினேன், அதுவும் உண்மைதான். ஆனால் பெரியம்மை மகளுக்குக் கரு வைத்தபின் போட்ட எண்ணெய் ஊசிகளை, எங்கள் தெருவில் ஓய்வுபெற்று இருக்கும் நர்ஸக்கா விளக்கு வைத்த நேரத்துக்கு வந்து போட்டார். கட்டிப்போன இடத்தில் வெந்நீர் ஒத்தடமும் அவரே கொடுத்தார். தினமும் ஒரு காப்பிக்கு மேல் ஒன்றும் வாங்கவில்லை. தெருவுக்கே விஷயம் தெரியும். அதனால் வந்த தொல்லையையும் அறிவேன்: “விசேஷம் உண்டா?” கேட்காத வாய் இல்லை. இங்கே எதிர் மேசையில் வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பவளுக்கு நான் ஊசி போட்டதே தெரியாது. எனக்குக் குழந்தை உண்டா என்று இதைப் படிப்பவர்களுக்கும் கேட்கத் தோன்றும். சொல்லாமலிருக்க முடிகிற நாட்டில் இருக்கிறேன், சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் கொல்லங்கோட்டுக் கோயிலின் மீனபரணித் தூக்கத் திருவிழாவை இங்கே ஒருத்தியிடம் விவரித்தேன். வேண்டிப் பிறந்த குழந்தையைத் தூக்கக்காரர் கையில் ஏந்திக்கொள்ள, ரதத்தின் நீண்ட மரம் இருவரையும் வானத்துக்குத் தூக்கிக் கோயிலைச் சுற்றிவரும் என்றதும், அவளுக்குப் பாதுகாப்பு விதிகள்தான் நினைவுக்கு வந்தன. எனக்கு அந்தக் கூட்டம் நினைவுக்கு வந்தது. காத்திருந்து பெற்றவர்கள் அத்தனை பேரும் ஒரே மைதானத்தில், வெயிலில், வெட்கமில்லாமல் நிற்கிறார்கள். ஆவணி ஞாயிறில் நாகராஜா கோயில் நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் ஊற்ற நிற்கும் வரிசையிலும் அப்படித்தான். யார் எதற்கு நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே எனக்கு மிஞ்சியது மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, போட்ட ஊசிகளைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க.

பிள்ளை பெறச் சொல்கிற அரசு ஊசிக்கு என்ன செய்கிறது என்று சித்தப்பா கேட்டிருந்தால் நானும் கும்பிட்டிருப்பேன். சராசரியாக ஒரு பெண்ணுக்கு ஒன்றரைக் குழந்தைக்கும் குறைவு என்ற கணக்கில் தமிழ்நாடும் இங்கிலாந்தும் இப்போது ஏறத்தாழ ஒரே படியில் நிற்கின்றன. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் வந்துவிட்டது, நல்லது. இரண்டு நாளுக்கொரு ஸ்கேனுக்கு நாகர்கோவிலிலிருந்து எழும்பூர் போய்வர முடியுமா? பழைய திருவிதாங்கூர்ப் பழக்கத்தில் நம்மவர்கள் இன்றும் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. அரசு மருத்துவமனைக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையிலும் ஒன்று வரட்டும்.

போன மாதம் அக்கா மகள் போன் பண்ணினாள். அவளுக்கும் நாகர்கோவிலில் தொடங்கியாயிற்று. மருந்தின் பெயர் என்ன, எத்தனை யூனிட், பை எத்தனை மில்லிமீட்டர், இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள் என்றேன். மறுநாள் அழைத்தாள்.

“கேட்டேன் சித்தி. நீ என்ன நர்ஸான்னு கேட்டாவ.”

“நீ என்ன சொன்ன?”

“இல்ல, எனக்க வயிறுன்னேன். மாமியார் மொகத்த பாக்கணும்.”

சீட்டில் எழுதித் தந்தார்களாம். 225 யூனிட். பை 14 மில்லிமீட்டர். மருந்தின் பெயர் இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை ஸ்கேனுக்குப் போகும்போது மறுபடியும் கேட்பாள்.