அத்தையும் நானும் ராமேஸ்வரம் போனோம்

திண்டுக்கல்லில் இருக்கும் எங்களுக்குப் பழனி பக்கம்; வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போய் வருவோம். மதுரைக்குக் காலையில் கிளம்பினால் மீனாட்சியைப் பார்த்துவிட்டு, விளக்கேற்றும் நேரத்துக்கு வீடு வந்துவிடலாம். ஆனால் ராமேஸ்வரம் என்ற பேச்சை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், விவரம் தெரியாமல், "அத்தை, ஒரு தடவை ராமேஸ்வரம் போய்க் கடல்ல குளிச்சிட்டு வருவோமா?" என்று கேட்டுவிட்டேன். அத்தை பதில் சொல்லாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அன்று இரவு இவர்தான் காரணத்தைச் சொன்னார்.

அத்தையின் அப்பா பூட்டு வியாபாரி. பட்டறைகளில் பூட்டு வாங்கிச் சாக்கில் கட்டி, ரயிலேறி ஊர் ஊராகப் போய் விற்று வருவாராம். தனுஷ்கோடி அப்போது ஜேஜே என்று இருந்த ஊர். சென்னையிலிருந்து வரும் போட் மெயிலில் இறங்கி, அங்கே கப்பலேறித்தான் தலைமன்னாருக்குப் போவார்கள். கடையும் கிட்டங்கியும் இருக்கிற இடத்தில் பூட்டுக்குக் கேட்பானேன்! 1964 டிசம்பரில் அங்கே போனவர் திரும்பவில்லை. 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது. பாம்பனிலிருந்து நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போன பாசஞ்சர் ரயிலையும் அலை வாரிக்கொண்டு போய்விட்டது. தாத்தா ரயிலில் இருந்தாரா, ஊருக்குள் இருந்தாரா, யாருக்கும் தெரியாது. உடலும் கிடைக்கவில்லை.

அத்தைக்கு அப்போது பதினோரு வயது, ஒரே பெண். துக்கம் கேட்க வந்தவர்களையெல்லாம் அவருடைய அம்மா, "நீங்க கண்ணால பாத்தீகளா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம். தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. ராத்திரியில் தெருக்கதவுக்குத் தாழ்கூடப் போட மாட்டாராம். பூட்டுக்காரர் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கிறது என்று தெருவில் பேசிக்கொள்வார்களாம். கடைசியில் பூவும் பொட்டுமாகவே போய்ச் சேர்ந்தார். அதனால் அந்த மனிதருக்குத் திதி என்று ஒன்று நடக்கவே இல்லை.

பாம்பனில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் பழுதானதால், 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததை டி.வி.யில் காட்டினார்கள். கப்பல் போவதற்காகப் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்கிறது. அத்தை காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு இவரைப் பார்த்தார்.

"என்னை ஒருக்கா கூட்டிட்டுப் போறியா தம்பி?"

"எங்கம்மா?"

"எங்கப்பா போன ஊருக்கு."

எனக்கு உள்ளூர பயம். அத்தைக்கு வயது எழுபத்திரண்டு. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. முழங்கால் வலி வேறு. டாக்டரிடம் கேட்டேன். "போகலாம். வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது, காலில் காயம் படக் கூடாது" என்றார். ஆடி அமாவாசைக் கூட்டம் வேண்டாமென்று ஆவணி அமாவாசைக்கு முதல் நாள் புறப்பட்டோம். மாத்திரை டப்பா, மூன்று நூல் புடவை, இரண்டு துண்டு, வழிக்கு இட்லி, எனக்குக் கொஞ்சம் தைரியம் எல்லாம் எடுத்துக்கொண்டேன்.

மதுரையில் ரயில் மாறினோம். மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் பெட்டியில் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். அத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். பாலம் முடிகிற வரை விடவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அக்னி தீர்த்தக் கரை. மாமா காலமாகி நான்கு வருஷமாகிறது. அவருக்கு இவர்தான் திதி கொடுக்கிறார். தாய்வழிப் பாட்டனாருக்கும் பேரன் கொடுக்கலாம் என்று ஐயர் சொல்லி உட்கார வைத்தார். பேரைக் கேட்டார், அத்தை சொன்னார். "காலமாகி எத்தனை வருஷமாச்சு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அத்தை வாயைத் திறக்கவில்லை. இவர் என்னைப் பார்க்கிறார், நான் இவரைப் பார்க்கிறேன். பின்னால் நாலைந்து குடும்பம் காத்து நிற்கிறது. ஐயர் மறுபடி கேட்டபோது, "செத்து அறுபது வருஷமாச்சுங்க" என்றார் அத்தை. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எள்ளும் தண்ணீரும் விட்டு முடிகிற வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு கோவிலுக்குள் 22 தீர்த்தம். வாளியில் இறைத்து மடமடவென்று தலையில் ஊற்றுகிறார்கள். ஒரே வளாகத்துக்குள் இத்தனை கிணறு! தண்ணீருக்கு அலைந்த எங்கள் ஊர்க்காரிக்கு அதுவே பெரிய அதிசயம். ஆனால் தரையெல்லாம் வழுக்கல். வயதானவர்களை அழைத்துப் போகும் சகோதரிகள் தயவுசெய்து அவர்கள் கையை விட்டுவிடாதீர்கள். ஈரப் புடவை காலைச் சுற்றும். நைலக்ஸ் மாதிரிப் புடவை வேண்டவே வேண்டாம். ஏழெட்டுக் கிணறு ஆனதும் அத்தைக்கு உதடு நடுங்கியது. "மிச்சத்துக்குத் தலையில தெளிச்சா போதும் அத்தை" என்றேன். முறைத்தார். ஆனாலும் கேட்டுக்கொண்டார். கடைசியில் கோடி தீர்த்தத்தில் மட்டும் முழு வாளி வேண்டுமென்று பிடிவாதம்.

ஈரத்தோடு சன்னிதிக்கு விட மாட்டார்கள். உடை மாற்றி, பொட்டலத்திலிருந்த இரண்டு இட்லியை ஊட்டாத குறையாகக் கொடுத்து, உள்ளே அழைத்துப் போனேன். 1212 தூண் உள்ள அந்தப் பிரகாரத்தில் நடக்க நடக்க அத்தைக்கு முழங்கால் வலி எங்கே போனதோ! சீதை மணலில் பிடித்த லிங்கத்துக்கு முன்னால், அனுமார் நேரம் கழித்துக் கொண்டு வந்த லிங்கத்துக்குத்தான் இங்கே முதல் பூஜை என்று இவர் சொல்லிக்கொண்டு வந்தார். "பாத்தியா, நேரங்கழிச்சு வந்தாலும் தள்ளி வைக்கல" என்றார் அத்தை.

மத்தியானம் வேன் பிடித்து தனுஷ்கோடி போனோம். இப்போது அரிச்சல்முனை வரை நல்ல தார் ரோடு இருக்கிறது, 2017-இல் திறந்தார்களாம். ஒரு பக்கம் அலையில்லாத பெண் கடல், மறுபக்கம் இரைகிற ஆண் கடல். இடிந்த சர்ச்சும், ரயில் நிலையத்தின் மிச்சச் சுவரும் நிற்கின்றன. எதிரே சங்கு, பாசி விற்கும் கடைகள். அத்தை மணலில் இறங்கி அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும், கழற்றிக் கையில் வைத்திருந்தார். கத்தலாமா என்று வந்தது, கத்தவில்லை.

"எங்கப்பா நல்ல உசரம். உன்னைவிட உசரம்" என்றார் இவரிடம்.

வேறொன்றும் பேசவில்லை. கடலைப் பார்த்து அழுவார் என்று நினைத்திருந்தேன்; அதுவும் இல்லை. கடையில் பேரம் பேசி ஒரு பாசி மாலை வாங்கினார், என் மகளுக்கு.

வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அவர் பாதத்தைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். கொப்புளம் ஒன்றுமில்லை. ரசம் சாதம் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். தினம் ஐந்து மணிக்கு எழுந்திருப்பவர், மறுநாள் எட்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. நான்தான் இரண்டு தடவை போய், மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.