சாவி கேட்காத கடிகாரம்

சாவி கொடுக்கத் தேவையில்லாத கடிகாரம் என்று சொல்லித்தான் நம் தாய்மாமன் அதை முதன்முதலில் நமக்குக் காட்டினார். சரக்குக் கப்பலில் பணியாற்றிய அவர், 1974-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வாங்கிய சுவிஸ் நாட்டுத் தானியங்கிக் கைக்கடிகாரம் அது. சிறு பிள்ளையாயிருந்த நம் காதோரம் அதை வைத்து மெல்ல அசைப்பார். உள்ளே ஏதோ சுழலும் ஓசை கேட்கும். “கை அசைந்தால் போதும் மருமகனே, தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும்” என்பார்.

அதன் பின்மூடிக்குள் அரைவட்டமான எடைத்தகடு ஒன்று இருக்கிறது. கை அசையுந்தோறும் அது சுழன்று, பற்சக்கரங்களின் வழியே சுருள்வில்லை முறுக்குகிறது. வில் நிறைந்தபின் அதன் நுனி உறையின் சுவரில் வழுக்கிவிடும். ஆதலால் அளவு மீறி முறுக்கிக் கெடுக்கவும் இயலாது.

அக்கடிகாரத்தின் குமிழோ, மரையிட்டு உடலோடு இறுக்கி மூடப்பட்டது. இவ்விரண்டும் ஒன்று சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பழைய கைக்கடிகாரங்களுக்குப் பகையாக இருந்தது சாவி கொடுக்கும் குமிழே. அதன் தண்டு நுழையும் துளை வழியாகவே தூசியும் ஈரமும் புகுந்தன. ஆங்கிலேயரான ஜான் ஹார்வுட் 1924-இல் காப்புரிமை பெற்ற தம் தானியங்கிக் கைக்கடிகாரத்தில் குமிழையே நீக்கிவிட்டு, கண்ணாடியைச் சூழ்ந்த வளையத்தைத் திருப்பி முட்களை நகர்த்தும்படி அமைத்தார். ரோலெக்ஸ் நிறுவனம் 1926-இல் வேறு வழியை மேற்கொண்டது. குமிழை மரையால் இறுக்கி மூடியது. 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் பெண்மணி ஆங்கிலக் கால்வாயின் குளிர்நீரில் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியபோது, அவர் கழுத்தில் தொங்கிய அத்தகைய கடிகாரம் நிற்காமல் ஓடியது. ஆயினும் நாள்தோறும் சாவி கொடுக்க அம்மூடியைத் திறந்தாக வேண்டுமே! 1931-இல், முழுவட்டமாய்ச் சுழலும் எடைத்தகட்டை அந்நிறுவனம் சேர்த்த பின்னரே அக்குறை தீர்ந்தது. தானே முறுக்கிக்கொள்ளும் கடிகாரத்தை அடிக்கடி திறக்க வேண்டியதில்லை. திறக்காத கடிகாரத்தில் நீர் புகுவதும் அரிது.

ஆனால், அணிந்தவரின் கை அசைய வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் மாமாவைப் பக்கவாதம் தாக்கியது. இடப்பக்கம் செயலிழந்தது. கடிகாரம் இருந்ததோ இடக்கையில். இரண்டாம் நாளே அது நின்றுவிட்டது. வலக்கையில் கட்டிவிடலாம் என்று மாமி சொன்னபோது அவர் இசையவில்லை. “அது அங்கேயே இருக்கட்டும். அதுவும் என் கைதானே” என்றார். குமிழைத் திறந்து சாவி கொடுக்க இரண்டு கைகள் வேண்டும்: ஒன்று பிடிக்க, மற்றொன்று திருக. அவருக்கோ இருந்தது ஒன்றே.

சனிக்கிழமை மாலைதோறும் நாம் தூத்துக்குடியில் அவர் வீட்டுக்குச் செல்வது வழக்கமாயிற்று. முதல் நாள் கடிகாரத்தைக் கழற்றி நம்மிடம் நீட்டினார். குமிழை இடப்புறமாகத் திருகினோம். மரை விலகியதும் அது சிறிது துள்ளி வெளியே வந்தது. வலப்புறமாக முப்பது சுற்று முறுக்கினோம். வேறு வீட்டுக்குச் செல்லும் அவசரத்தில், அழுத்தித் திருகி மூடிவிட்டதாக எண்ணிக் கிளம்பினோம். மரை கோணலாக ஏறியிருந்ததை நாம் அறியவில்லை. அடுத்த வாரம் சென்றபோது கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்திருந்தது. மாமி ஈரத்துணியால் அவர் கையைத் துடைத்திருக்கிறார்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர்தாம் சொன்னார்: “ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டேன். மரை இம்முறை தப்பியது. அது போனால் குமிழோடு குழலையும் மாற்ற வேண்டும். இந்தக் காலத்துக் கடிகாரத்துக்கு அவை எளிதில் கிடைக்கா. தினமும் திறக்காதீர்கள்.”

மூடும் முறையை நமக்குக் கற்பித்தவர் மாமாவே. “எடுத்த எடுப்பில் முன்னே திருகக் கூடாது சாமி. மெல்ல அழுத்திக்கொண்டு முதலில் பின்னால் திருப்புங்கள். மரை தன் இடத்தில் விழும்போது விரலுக்கே தெரியும். அதன் பிறகு முன்னே திருகுங்கள்.” குருப்பட்டம் பெற்ற நாள்முதல் அவர் நம்மை மருமகன் என்று அழைத்ததில்லை.

முழுதும் முறுக்கினாலும் அது ஏறத்தாழ 40 மணி நேரமே ஓடும். சனிக்கிழமை மாலை முறுக்கியது திங்கட்கிழமை காலையில் நின்றுவிடும். எஞ்சிய நாள்களெல்லாம் அசையாத கையில் அசையாத கடிகாரம். முகப்பில் தேதி காட்டும் சிறு சாளரம் உண்டு. அதைத் தனியே மாற்றும் வசதி அம்மாதிரியில் இல்லை. ஆகவே ஐந்து நாள்களைக் கடக்கச் சின்ன முள்ளைப் பத்து முறை சுற்றவைக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மாமா பழைய துறைமுகங்களைப் பற்றிப் பேசுவார்.

ஒருமுறை, திருவிழா வேலைகளைக் காரணங்காட்டி இரண்டு சனிக்கிழமைகள் போகாமல் விட்டோம். மூன்றாம் வாரம், 25-ஆம் தேதி, சென்றோம். “வேலை மிகுதியா சாமி?” என்று கேட்டு, வழக்கம்போல் கையை நம் பக்கம் நகர்த்தினார். சாளரத்தில் 6 என்ற எண் நின்றிருந்தது. அவர் நம்மைக் கடிந்துகொண்டிருந்தால் மறுமொழி சொல்லியிருப்போம். அந்த எண்ணுக்கு மறுமொழி இல்லை. 38 சுற்றுகள் முட்களைத் திருப்பினோம். நம் விரல்கள் வலித்தன. சுற்றி முடிக்கும்வரை இருவரும் பேசவில்லை.

அதன்பின் அவர் வாழ்ந்தது பதினான்கு மாதங்கள். இறுதி வாரங்களில் அவர் நினைவு தடுமாறியது. ஒரு சனிக்கிழமை குமிழை மூடிக்கொண்டிருந்தபோது, “முதலில் பின்னால், மருமகனே” என்றார். வேறு எதுவும் அன்று அவர் பேசவில்லை.

மாமி அக்கடிகாரத்தை நமக்கே தந்தார். நம் கை நாள் முழுதும் அசைகிறது. மிதிவண்டி, படிக்கட்டு, சந்திப்புகள் என்று ஓயாத அசைவு. ஆகவே கடிகாரம் தானே ஓடுகிறது. குமிழைத் தொட வேண்டிய தேவையே எழுவதில்லை. இவ்வளவு அசையும் கைக்கு அந்த ஒரு வீட்டுக்குப் போக இரண்டு வாரம் நேரம் இல்லாமற்போனதே என்று, மணி பார்க்கும்போது சில வேளை தோன்றும்.

சென்ற மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு நான்கு நாள் படுத்திருந்தோம். எழுந்தபோது கடிகாரம் நின்றிருந்தது. வெகுநாளுக்குப் பின் குமிழைத் திறந்து முப்பது சுற்று எண்ணி முறுக்கினோம். பிறகு மெல்ல அழுத்தி, முதலில் பின்னால் திருப்பினோம். மரை தன் இடத்தில் விழுந்தது விரலுக்குத் தெரிந்தது.

அன்று சனிக்கிழமை. மாலையில் மாமியைப் பார்த்துவரப் புறப்பட்டோம்.