ஒரு அங்குல எழுத்து

ஆஸ்டினில் ஒரு கடை வாசல் பலகை. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், மறைத்துவைத்த கைத்துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருந்தது. எழுத்து ஒரு அங்குலமாவது உயரம் இருக்க வேண்டுமாம். டெக்சாஸ் சட்டமே சொல்கிறது.

2016 ஆகஸ்ட் 1 முதல், உரிமம் உள்ளவர்கள் அங்கே அரசுப் பல்கலைக்கழக வகுப்பறைக்குள்ளும் துப்பாக்கியை மறைத்து எடுத்துவரலாம். ஆஸ்டின் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து ஒருவன் பலரைச் சுட்டுத்தள்ளி அன்றோடு சரியாக 50 ஆண்டு! தனியார் பல்கலைக்கழகங்கள் மறுக்கலாம். ரைஸ், பேய்லர் எல்லாம் மறுத்துவிட்டன.

கடைக்காரர் தன் வாசலில் பலகை மாட்டலாம். அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தன் வகுப்பறையில் மாட்ட முடியாது. மூன்று பேராசிரியைகள் வழக்குப் போட்டும் தோற்றார்கள்.

விவாதம் சூடாகும்போது, யார் பையில் என்ன இருக்கிறதோ என்று ஒரு கணம் தயங்கினால், அது இன்னும் வகுப்பறைதானா?