உயிர் வர அரைமணி நேரம்

ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடை. பெஞ்சில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர், தோளில் துண்டு, காலடியில் சாமை மூட்டை. கேண்டி க்ரஷ்ஷில் ஐந்து உயிரும் போய்விட்டது. ஓர் உயிர் திரும்பி வர அரைமணி நேரம் ஆகும். போளூர் பஸ்ஸையும் காணோம்.

பக்கத்தில் அக்கா பிள்ளைகள் இரண்டு பேர். கல்லூரிக்குப் போகிற பையன், பள்ளிச் சீருடையில் தங்கை. இந்த அரைமணிக்காகவே காத்திருந்தவன்போல் பையன் தன் போனை நீட்டுகிறான்.

"எத்தினி நாளைக்கு மாமா மிட்டாயே ஒடைப்ப? இத ஆடிப் பாரு."

ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். 50 பேர் தீவில் குதித்து, கடைசி ஆள் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்வது. இடது கட்டைவிரலால் நடக்க வேண்டும், வலது கட்டைவிரலால் திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில். மாமாவுக்கு இதுவரை ஒற்றை விரல் போதுமாக இருந்தது. நடந்தால் பார்வை சுவரில் முட்டுகிறது. விரலை இழுத்தால் திரை முழுக்க வானம். எங்கிருந்தோ குண்டு. செத்தார்.

"யார்றா சுட்டது?"

"குடு மாமா, நான் காட்றேன்." பையன் போனைப் பிடுங்கி ஆடத் தொடங்குகிறான். ஓடுகிறான், பதுங்குகிறான், சுடுகிறான். அருமையான ஆட்டம்தான். மாமா சாலையைப் பார்க்கிறார். கற்றுக்கொடுப்பவர்கள் பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: தங்களுக்குப் பிடித்ததைத் திணிப்பது, பிறகு தாங்களே ஆடிக் காட்டுவது.

தங்கை மாமாவின் போனையே வாங்கி எதையோ இறக்குகிறாள். சிக்னல் முக்கி முனகி, ஒருவழியாக ஆடுபுலி ஆட்டம் வருகிறது. 23 புள்ளிகள், மூன்று புலி, 15 ஆடு. போனை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் கைகளை மடியில் வைத்துக்கொள்கிறாள். அவசரமே இல்லை; அவர் வைத்தால்தான் புலி நகரும்.

நடுவில் ஓர் ஆட்டை வைக்கிறார். புலி தாண்டிவிட்டது. இன்னொன்று. அதுவும் போச்சு. பையன் விரலை நீட்டுகிறான். தங்கை அவன் மணிக்கட்டைப் பிடித்து இறக்குகிறாள்.

மூன்றாவது ஆட்டுக்கு மாமாவின் விரல் திரைக்குமேல் அந்தரத்தில் நிற்கிறது. டீ ஆறுகிறது.

"பின்னால எடம் காலியா இருந்தாத்தான தாண்டும்?"

"ஆமா மாமா."

"அப்ப ஓரமாக் கட்டணும்."

விளிம்பில் ஒன்று, அதை ஒட்டி இன்னொன்று. புலி சுற்றிச்சுற்றி வருகிறது. மேலே கேண்டி க்ரஷ் எட்டிப் பார்த்து உயிர் வந்துவிட்டதாகச் சொல்கிறது. பார்க்காமலே தள்ளிவிடுகிறார். ஆறாவது ஆட்டை வைத்ததும் போனை நிமிர்த்துகிறார்.

"இன்னாடா இது, மிஷின்கூட மல்லுக்கட்டிக்கினு. ஆள் ஆட முடியுமா?"

"முடியும் மாமா. ரெண்டு பேர் ஆடலாம்."

"டேய், நீ புலி. வா."

பையன் சிரித்துக்கொண்டே வந்து உட்காருகிறான். ஆடு ஒன்பது இறங்கியும் ஒன்றும் சிக்கவில்லை. தன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் குனிகிறான்.

"தாண்டு பாப்பம்," என்கிறார் மாமா.