பேருந்து நேரமும் ஆராதனை நேரமும்

இம்மாதம் உங்களைப் பெங்களூருவின் நகரப் பேருந்து ஒன்றில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அழைத்துச்செல்ல விரும்புகிறேன். சொந்த வாகனமுள்ளவர்கள் அதன் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நாம் ஏறுமிடம் கே.ஆர்.புரத்தை அடுத்த டின் ஃபாக்டரி நிறுத்தம். பழைய மெட்ராஸ் சாலையும் வெளிவட்டச் சாலையும் இங்கே சந்திக்கின்றன. ஹெப்பாளிலிருந்து மாரத்தஹள்ளி வழியாக சில்க் போர்டுக்குச் செல்லும் 500டி இங்கே நின்றுதான் போகிறது. இந்த நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்றால் தமிழகத்து மாவட்டங்கள் பலவற்றின் பேச்சைக் கேட்டுவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை எனப் பல பக்கங்களிலிருந்து கட்டட வேலைக்கும், வீட்டு வேலைக்கும், காவல் வேலைக்கும் வந்தவர்கள் இங்கே நிற்கிறார்கள். கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டபின், அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் அநேகருக்கு அதிகாலை ரயிலேறிப் பெங்களூருவுக்கு வந்து உழைப்பதே பிழைப்பாயிற்று. அவர்களிலும் பலர் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கிப் பேருந்து தேடுகிறார்கள். வாரநாளில் சாப்பாட்டுப் பை தொங்கிய தோளில் ஞாயிறன்று வேதாகமப் பை தொங்கும், வித்தியாசம் அவ்வளவே.

வண்டி வருகிறது. முன்பகுதி பெண்களுக்கு, பின்பகுதி ஆண்களுக்கு. குடும்பமாய் ஏறினாலும் கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாய்ப் பிரிந்துதான் பிரயாணம். பிள்ளை யாரிடம் என்பதைப் படியில் கால் வைக்குமுன் தீர்மானித்துக்கொள்ளுங்கள். "முந்தெ ஹோகி" என்று நடத்துநர் சொன்னால் முன்னே நகரவேண்டும். "எல்லிகெ" என்றால் எவ்விடத்துக்கு என்று கேட்கிறார். "சில்லறெ கொடி" என்றால், அதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. சில்லறை இல்லாவிட்டால் தரவேண்டிய மீதியைச் சீட்டின் பின்புறம் எழுதித் தருவார். இறங்குமுன் அதைக் காட்டி வாங்கிக்கொள்ளவேண்டும். மறந்து இறங்கினால் அந்தப் பத்து ரூபாய் போயிற்று. கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதி வந்தபின் இந்தச் சங்கடம் குறைந்திருக்கிறது.

பல ஆண்டுகள் இந்நகரில் குடியிருந்தும் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசத் தெரியாத விசுவாசிகளை நான் அறிவேன். பேருந்தில் போகிறவருக்கு அந்தக் குறைவு அதிக நாள் நீடிப்பதில்லை. எரேமியா 29-ஆம் அதிகாரத்தில், சிறைப்பட்டுப்போனவர்கள் தாங்கள் குடியிருக்கும் நகரத்தின் நலத்தைத் தேடும்படி கர்த்தர் கட்டளையிட்டாரே. அந்த நகரத்தின் பாஷையில் பேசாமல் அதை எப்படித் தேடுவது?

பெண்களுக்குக் கட்டணமில்லையே என்று நீங்கள் கேட்கக்கூடும். கர்நாடக அரசின் சக்தி திட்டம் 2023 ஜூன் 11 அன்று தொடங்கியது. குளிர்சாதனமில்லாத சாதாரணப் பேருந்துகளில் பெண்கள் பூஜ்யம் ரூபாய் என்று அச்சிட்ட சீட்டைப் பெற்றுப் பிரயாணம்பண்ணலாம். ஆனால் அது கர்நாடகத்தில் குடியிருப்பவர்களுக்கு மாத்திரமே; அதற்கு அடையாள அட்டை காட்டவேண்டும். தமிழகத்தில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் எந்த அட்டையுமில்லாமல் ஏறிப் பழகிய சகோதரி, இங்கே தன் ஆதாரில் போளூர் முகவரியைக் காட்டினால் நடத்துநர் பணம் கேட்கிறார். அது அவருடைய கடமை. முகவரியை மாற்றிக்கொள்ளலாமே என்பது சொல்வதற்கு எளிது. ஊரிலே ரேஷன் அட்டை இருக்கிறது, வாக்கு இருக்கிறது, வயதான மாமியார் இருக்கிறார். ஊரோடுள்ள கடைசி நூலையும் அறுத்துக்கொள்ள மனம் துணிவதில்லை. ஆகவே ஒரே சபைக்கு ஒரே வண்டியில் வரும் இரண்டு சகோதரிகளில் ஒருத்தி இலவசமாயும் ஒருத்தி பணம் கொடுத்தும் வருகிறாள். அடுத்த வீட்டுக்காரியின் அட்டையைக் காட்டிச் சமாளிப்பவர்களும் உண்டென்று கேள்விப்படுகிறேன். தேவபிள்ளைகளே, ஆராதனைக்குப் போகும் வழியில் அது வேண்டாம். அந்தச் சகோதரியின் பேருந்துக் கட்டணத்தைச் சபை தாங்கட்டும். அதற்கு நம்முடைய காணிக்கைப் பெட்டியில் இடமுண்டு.

ஆண்களுக்கும் சுமை ஏறியிருக்கிறது. 2025 ஜனவரியில் கட்டணம் 15 சதவீதம் உயர்ந்தபோது, சாதாரண மாதப் பாஸ் 1,050 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாயிற்று. மெட்ரோ ரயில் 2023 அக்டோபர் முதல் வைட்ஃபீல்டு வரை தடையின்றி ஓடுகிறது, நல்ல வசதிதான். ஆனால் 2025 பிப்ரவரியில் அதன் கட்டணமும் உயர்ந்தது. சக்தி திட்டமும் அங்கே செல்லாது. கூலி வேலைசெய்யும் குடும்பத்துக்கு இன்னும் பேருந்தே வாகனம்.

இங்கே நம் சபைகளின் வழக்கம் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. கார் வாங்கினவர் சாட்சி சொல்லுகிறார். சபை அல்லேலூயா சொல்லுகிறது. போதகர் காருக்கு முன்பாக நின்று ஜெபிக்கிறார். மாதப் பாஸ் வாங்கினவர் சாட்சி சொல்ல எழும்புவதில்லை. கார் வாங்குவதை நான் குற்றப்படுத்தவில்லை. ஆனால் அதையே ஆசீர்வாதத்தின் அளவுகோலாக்கிவிட்டபடியால், தவணைக் கடன் வாங்கி, பின்பு பள்ளிக் கட்டணத்துக்குத் தவிக்கும் வாலிபக் குடும்பங்கள் நம் மத்தியில் உண்டு. எருசலேமுக்குள் பவனி வந்த நம் ஆண்டவர் ஏறியது இரவல் கழுதை. பிலிப்பு எத்தியோப்பியனுக்கு வேதத்தை விளக்கியது அவனுடைய இரதத்தில் உட்கார்ந்து. பிலிப்புவுக்குச் சொந்த இரதமில்லை.

சபைக் கட்டடம் தேடும்போதும் இதே மனப்பான்மை வருகிறது. ஊருக்கு வெளியே நிலம் மலிவு, நாற்பது கார் நிறுத்தலாம் என்கிறார்கள். அங்கே எந்தப் பேருந்து போகிறது, ஞாயிறன்று எத்தனை மணிக்கொருமுறை போகிறது என்று கேட்பவர் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவென்பதை டின் ஃபாக்டரியில் நிற்கிற யாரும் சொல்லுவார்கள்.

இரவுக் கூட்டங்களைப் பாருங்கள். ஒன்பது மணிக்கு முடியவேண்டிய உபவாச ஜெபம் பத்தரைக்கு முடிகிறது. அதற்குமேல் வண்டிகள் அரிது; ஆட்டோவுக்கோ இரவு பத்துக்குமேல் ஒன்றரை மடங்கு கட்டணம். வீட்டு வேலை செய்யும் ஒரு விதவை அன்றைய கூலியில் பாதியை ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டு வீடு சேருகிறாள். அடுத்த மாதம் அவள் வருவதில்லை. விசுவாசத்தில் தளர்ந்துவிட்டாள் என்று நாம் ஜெபக்குறிப்பு எழுதுகிறோம். அப்போஸ்தலர் 20-இல் துரோவா பட்டணத்துக் கூட்டம் நினைவிருக்கிறதா? பவுலின் பிரசங்கம் நீண்டது, ஐத்திகு தூங்கி மாடியிலிருந்து விழுந்தான். ஆனால் கூட்டம் பொழுது விடியும்வரை நடந்தது. எவரும் நடுராத்திரியில் தெருவில் விடப்படவில்லை. முழு இரவு ஜெபம் பேருந்துக்காரருக்கு உகந்தது. விடிந்ததும் முதல் வண்டி வந்துவிடும். அரை இரவு ஜெபந்தான் அவர்களைக் கஷ்டப்படுத்துகிறது.

எல்லாவற்றிலும் என்னை வருத்துவது திருவிருந்து ஞாயிறு. ஹூடிக்கு உட்புறமிருந்து இரண்டு வண்டி மாறிச் சிவாஜி நகர்ப் பக்கம் ஆராதனைக்கு வரும் ஒரு சகோதரியை எண்ணிக்கொள்ளுங்கள். அவள் விடியற்காலையில் எழுந்து சமைத்துவைத்து, ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் வேலை செய்யும் வீட்டில் நிற்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு அரைநாள் வேலை. நாம் அறிவிப்புகளையும், பிறந்தநாள் வாழ்த்துகளையும், விருந்தினர் சாட்சியையும் முடித்து, கடைசியாக அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுக்கும்போது மணி ஒன்று. அதற்குள் அவள் பின்வாசல் வழியாய் இறங்கிப் போயிருப்பாள். கொரிந்து சபையில் முந்தினவர்கள் காத்திராமல் புசித்ததைப் பவுல் எவ்வளவு கடுமையாய்க் கண்டித்தார் என்பதை 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில் மறுபடியும் வாசியுங்கள். நம்மிடத்தில் காலதாமதமே அவளைப் பந்தியைவிட்டு எழுப்பி அனுப்புகிறது.

வருகிற திருவிருந்து ஞாயிற்றுக்கு முன்பாக உங்கள் மூப்பர்களிடத்தில் பேசுங்கள். பந்தி செய்திக்கு முன்பே வைக்கப்படட்டும். யார் எந்த வண்டியில் வருகிறார்கள், திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று ஒரு சகோதரர் விசாரித்து எழுதி, அதைப் பிரசங்கியார் கண்ணில் படும்படி கடிகாரத்தின் கீழே ஒட்டிவைக்கட்டும்.